புது பாடி, பழைய சேசிஸ்

1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மலாயாவின் மோரிப், போர்ட்டிக்சன் கரைகளில் இறங்கியபோது ஜீப்புகளும் இறங்கின. போர் ஓய்ந்து ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளில் சில தோட்டங்களுக்குப் போயின. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் அவசரகாலம் வந்ததும் தோட்டத் துரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். நெகிரி செம்பிலான் ரப்பர்க் காட்டில் உழைத்த ஒரு வில்லிஸ் ஜீப் இன்று கையில் கிடைத்தால், முதல் தகராறு பாடியில்தான்.

அது அநேகமாக ஓட்டையாக இருக்கும். தரைத்தகட்டுக்கு அடியிலிருக்கும் தாங்கு சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்துத்தான் தொழிற்சாலையிலேயே கட்டினார்கள். அந்த மரம் மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; தகடு உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் ஏற்றிய வண்டியானால் கேட்கவே வேண்டாம். ஆகவே பிலிப்பீன்ஸில் அச்சு அசலாய்ச் செய்யும் புது பாடியை வரவழைத்து மாட்டிவிடுகிறார்கள். அது சரியா?

ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கேட்பது எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும்தான். போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. தகடு ஒன்றும் கோயில் சிலையல்ல. ஆனால் இந்த வாதம் சேசிஸ் அசலாக இருந்தால்தான் நிற்கும். வில்லிஸ் சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். ஃபோர்டில் அது கவிழ்த்த தொட்டி வடிவம். அதைப் பார்க்காமல் ஃபோர்டு சேசிஸில் வில்லிஸ் பாடி போடுகிறவர்கள் உண்டு. பின்கதவு திறக்கும் போருக்குப் பிந்தைய சிவிலியன் ஜீப்பான சிஜேயின் பாடிக்குப் பச்சை பூசி ‘போர் ஜீப்’ என்று காட்டுகிறவர்களும் உண்டு. போர் ஜீப்புக்குப் பின்கதவே கிடையாது.

வந்த பாடியை உடனே போல்ட் போட்டு இறுக்குகிற பட்டறையை நான் நம்பமாட்டேன். 80 வருடச் சேசிஸ் முறுக்கியிருக்கும். மூலைக்கு மூலை அளந்து நேராக்க வேண்டும். பிறகு பாடியைத் தளர்வாக உட்காரவைத்து, கிரில், பானெட், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும். பானெட் ஒரு பக்கம் தூக்கினால் பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே பட்டை செருகிச் சமன் செய்ய வேண்டும். எல்லாம் ஒத்து வந்த பிறகே இறுக்கம். பெயிண்ட் அதற்கும் பிறகு.

இருந்தாலும், தோட்டத்தில் தகடு அடித்த துளைகளும் வெல்டிங் வடுக்களும் பழைய பாடியில்தான் இருக்கின்றன. போர்ட்டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் மினுமினுக்கும் ஜீப்பை எத்தனையோ படத்தில் பார்த்திருப்பார். அவசரகாலத் துளையைப் பார்த்திருக்கமாட்டார். பழைய வாகனங்களுக்கான டுரின் சாசனமும் அசலைக் காப்பதையே முதலில் வைக்கிறது. புதிதாகப் போட்ட பாகத்தில் அடையாளம் இட வேண்டும் என்கிறது.

என் தீர்ப்பு இது. வெறும் ராணுவ ஜீப்பாக ஓடப்போகும் வண்டிக்கு, சேசிஸ் அசலாக இருந்து, புதுத் தகட்டில் ஆண்டு பொறித்திருந்தால், புது பாடி தாராளமாகப் போடலாம். தோட்ட வடு உள்ள வண்டிக்குப் போடக்கூடாது; எவ்வளவு செலவானாலும் அரித்த தரையை மட்டும் வெட்டி ஒட்டுப்போட வேண்டும். எந்த வண்டியானாலும் பழைய பாடியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள்.