அமெரிக்கா வரை போன மறைமலை நகர் கார்: பழைய எக்கோஸ்போர்ட் வாங்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் வீட்டு வாசலில் அதிகாலை ஐந்தரை மணிக்கு 2018 மாடல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் சாவி கைக்கு வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல். கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம், பிறகு திரும்பவும் கடலூர் என்று ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். பழைய கார் சந்தையில் இந்த வண்டியைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஓட்டம் அவர்களுக்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சென்னையை அடுத்த மறைமலை நகரில் நம் தொழிலாளர்கள் செய்த எக்கோஸ்போர்ட், இதே 2018-ல்தான் அமெரிக்க ஷோரூம்களில் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பியத் தெருக்களில் பழகிய ஃபியஸ்டா என்ற சின்ன காரின் அடித்தளத்தில் எழுப்பிய வண்டி இது. 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் முகம் காட்டி, 2013 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்தது. ருமேனியாவில் தயாரிப்பு தொடங்கும்வரை ஐரோப்பாவுக்கும் சென்னையிலிருந்தே கப்பலேறியது.

சாலையில் எப்படி?

கடலூர் ஓ.டி.யை (ஓல்டு டவுன்) தாண்டும்போது மீன் ஏற்றிய வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் சாலையை நிறைத்திருந்தன. உயரமான இருக்கையில் உட்கார்ந்திருப்பதால் முன்னால் போகும் ஆட்டோவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரிகிறது. ஸ்டீயரிங் நகருக்குள் விரலுக்கு லேசாக இருக்கிறது; வேகம் கூடினால் அதற்கேற்ப இறுகிக்கொள்கிறது. ஃபோர்டு கார்களை ஒருமுறை ஓட்டியவர்கள் மறக்காதது இந்த ஸ்டீயரிங்கைத்தான்.

சிப்காட் தாண்டி ஆலப்பாக்கம் பக்கம், ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்றை முந்த வேண்டியிருந்தது. 123 பிஎஸ் பவர் என்றாலும் 150 என்எம் டார்க் முழுதாகக் கிடைப்பது 4,500 ஆர்பிஎம்மில்தான். நான்காவது கியரில் மிதித்தால் வண்டி யோசிக்கிறது. மூன்றாவதுக்கு இறக்கினால் பாய்ந்துவிடுகிறது. இது மூன்று சிலிண்டர் இன்ஜின். சிக்னலில் நிற்கும்போது கியர் லீவரில் கை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். ஓடத் தொடங்கியதும் மறைந்துவிடும். லிட்டருக்கு 17 கி.மீ. என்பது கம்பெனி சொன்ன மைலேஜ். நெரிசலான ஊருக்குள் அதை எதிர்பார்க்க வேண்டாம். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு டீசல்தான் பொருத்தம்.

புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாக வெள்ளாற்றைத் தாண்டினோம். நான்கு வழிச் சாலையில் வண்டி நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம்தான். பின்சீட்டில் இருப்பவர்கள் சின்னக் குழிகளை உணர்வார்கள். ஆனால் வளைவுகளில் உடம்பு சாயாது.

கிரவுண்ட் க்ளியரன்ஸ் 200 மி.மீ. கம்பெனிக் கணக்குப்படி 550 மி.மீ. ஆழத் தண்ணீரிலும் போகலாம். கிட்டத்தட்ட முழங்கால் அளவு. 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும். அதற்காக ஆழம் தெரியாத தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள்.

சிதம்பரம் வைத்த பரீட்சை

தேர் ஓடும் நான்கு வீதிகளும் அகலமானவை. அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில்தான் காரின் அளவு தெரியும். ஸ்டெப்னியைச் சேர்க்காமல் 4 மீட்டருக்குள் நீளம், 1,765 மி.மீ. அகலம். பூக்கடைக்கும் நிறுத்தியிருந்த பைக்குகளுக்கும் நடுவில், கண்ணாடியை மடக்காமலே நுழைய முடிந்தது.

தெற்கு வீதியில் காய்கறிப் பையை வைக்க டிக்கியைத் திறந்தபோதுதான் இந்த வண்டியின் பெரிய அசௌகரியம் தெரிந்தது. கைப்பிடி வலப்பக்க டெயில் லேம்ப்பை ஒட்டி மறைந்திருக்கிறது. கதவு மேலே உயரவில்லை. வீட்டுக் கதவுபோல இடப்பக்கமாகத் திறக்கிறது. ஸ்டெப்னியும் அதன் முதுகில் இருப்பதால் நல்ல கனம். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் திறக்கவே முடியாது. இடது ஓரம் நிறுத்தும் நம் ஊரில், நடைபாதைப் பக்கம் நிற்பவரைக் கதவே மறித்துவிடுகிறது. டிக்கி கொள்ளளவு 352 லிட்டர். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

அங்கே போன எக்கோஸ்போர்ட்டின் முதுகில் ஸ்டெப்னி இல்லை. 1.0 லிட்டர் டர்போ இன்ஜினும், நான்கு சக்கர இழுவையோடு 2.0 லிட்டர் இன்ஜினும் இருந்தன. இரண்டுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே. பொதுவாகவே சின்ன கார்கள் அங்கே நிலைப்பது கடினம். ஐரோப்பிய விதிப்படி செய்த காரை அமெரிக்காவில் அப்படியே இறக்கி விற்க முடியாது. விளக்கிலிருந்து மோதல் பாதுகாப்புவரை அந்த நாட்டுக்குத் தனி விதிகள் உண்டு. மாற்றிச் செய்யச் செலவாகும். சின்ன காரில் கிடைக்கும் லாபமோ குறைவு. சாலை அகலம், வீட்டுக்கு வீடு பார்க்கிங், ஐரோப்பாவைவிட மலிவான பெட்ரோல் என்று இருக்கும் இடத்தில் சின்ன காருக்கு அவசியமும் குறைவு. ஃபியட் 500, ஸ்மார்ட் ஃபார்ட்டூ, ஃபோர்டின் சொந்த ஃபியஸ்டா மூன்றுமே 2019-ஐ ஒட்டி அங்கே விடைபெற்றன.

2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்ததோடு அமெரிக்க விற்பனையும் முடிந்தது. ஒரு கார் நல்லதா என்பதை அது ஓடும் தெருதான் தீர்மானிக்கிறது. டெக்சாஸில் குட்டியாகத் தெரிந்த இதே கார், சிதம்பரம் சந்தில் கச்சிதமாக நிற்கிறது.

வாங்கலாமா?

பிச்சாவரம் போகும் வழியில் டீக்கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, கம்பெனிதான் போயிடுச்சே, பார்ட்ஸ் கெடைக்குதா?” சரியான கேள்வி. தயாரிப்பை நிறுத்தினாலும் சர்வீஸையும் உதிரி பாகங்களையும் ஃபோர்டு கைவிடவில்லை. ஆனாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊருக்கு அருகில் எந்த சர்வீஸ் சென்டர் இயங்குகிறது என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சர்வீஸ் புத்தகம். இந்த 1.5 பெட்ரோலில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றிய வண்டியிலும், மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாத வண்டியிலும் பெல்ட் சீக்கிரம் கெடும். சர்வீஸ் கணக்கு இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு பேர் குடும்பம், குறுகலான தெரு, மழைக்காலத்தில் மோசமாகும் சாலை, ஓட்டுவதில் பிரியம்: இந்த நான்கும் உங்களுக்குப் பொருந்தினால், நான் ஓட்டியதைப்போல 2017 நவம்பருக்குப் பிறகு வந்த எக்கோஸ்போர்ட்டைத் தாராளமாக வாங்கலாம். பின்சீட்டில் எப்போதும் மூவர் உட்கார வேண்டும் என்றால் வேறு காரைப் பாருங்கள்.

மறைமலை நகர் தொழிற்சாலையில் 3,250 கோடி ரூபாய் செலவில் இன்ஜின் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் ஃபோர்டு அறிவித்திருக்கிறது. 2029-ல் உற்பத்தி தொடங்குமாம். அது வரட்டும். இப்போதைக்கு, எக்கோஸ்போர்ட் வாங்க நினைத்தால் பைபாஸில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, டிக்கியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.