ரெட் விழுந்தது, ஃபாலோ எங்கே?

1988இல் சென்னைக்கு இரண்டு பெருமைகள் சேர்ந்தன. விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச கேரம் கூட்டமைப்பு இந்த ஊரில் தொடங்கப்பட்டது. முதல் செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டாவது, தினம் ராத்திரி பத்து மணிவரை ஸ்ட்ரைக்கர் பிடிக்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து அழகு பார்த்தோம். அந்தப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று தெருவுக்குத் தெரு கேரம் போர்டு கிடக்கிறது. அதற்காக யாரும் எந்தப் பாலத்துக்கும் வண்ணம் அடிக்கவில்லை.

வடசென்னையின் மோகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியல் போடுவார்கள். குத்துச்சண்டை, கானா, கால்பந்து, முதல் நாள் முதல் காட்சி, பர்மா பஜார் கண்ணாடி, பாப் மார்லி படம் போட்ட பனியன். கேரம் கடைசியில் வந்தாலும் வரும், விட்டுப்போனாலும் போகும். அந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. குத்துச்சண்டைக்கு மேடை கட்ட வேண்டும். கானாவுக்குச் சாவோ கல்யாணமோ வேண்டும். படத்துக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். கேரத்துக்குச் சாயங்காலம் ஆனால் போதும். அன்றாடப் பித்து என்றால் இதுதான். இதன் நல்லது கெட்டதை எடைபோட்டால் மற்றவற்றைப் பற்றியும் பாதி பேசியதாகிவிடும்.

ஏன் இங்கே இவ்வளவு கேரம்? வீடு சின்னது, அதனால் என்பார்கள். உண்மைதான். வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் பெண்கள் சமைத்து, பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை ஆண்கள் மாடிப்படி இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் காரணமல்ல. இந்தப் பகுதியின் வேலைகளில் பாதி காத்திருக்கிற வேலை. கப்பல் வந்தால்தான் துறைமுகத்தில் கூலி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், கேட் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஷிப்டுக்குப் போகிறவர் பகல் இரண்டு மணிக்கே வீட்டில் இருப்பார். இப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்துக்குக் கிரிக்கெட் ஒத்துவராது. கேரத்தில் ஒரு போர்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். யாராவது கூப்பிட்டால் பாதியில் எழுந்து போகலாம், அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துகொள்வார். 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டு வேலை போனவர்களுக்கும் மிச்சமிருந்தது இப்படி ஒரு பலகைதான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பலகையின் உள்பக்கம் 74 சென்டிமீட்டர் சதுரம். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயினுக்கு அதிகபட்சம் 3.18. ஆக, கை பிசகுவதற்கு விதி கொடுத்திருக்கிற இடம் ஒன்றேகால் சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பெரியவர் ஆடுவதை நின்று பார்த்திருக்கிறேன். சுண்டுவதே தெரியாது, விரல் லேசாக நீளும், அவ்வளவுதான். சிவப்புக் காயினான ரெட் அவருடைய கோட்டுக்குப் பின்னால், இடது மூலையில் ஒட்டிக் கிடந்தது. நேராக அடிக்க வழியில்லை. எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திரும்ப வரவழைத்தார். வருகிற வழியில் ஸ்ட்ரைக்கர் ஒரு வெள்ளையைத் தொட்டு வலது குழியின் வாயில் கொண்டுபோய் விட்டது. பிறகுதான் ரெட்டைத் தட்டி உள்ளே அனுப்பியது. ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, உடனே தன் காயின் ஒன்றைப் போட்டு ஃபாலோ கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். அவர் ரெட்டுக்கும் ஃபாலோவுக்கும் சேர்த்து ஒரே அடியில் கணக்குத் தீர்த்திருந்தார். சுற்றி நின்றவர்கள் யாரும் கைதட்டவில்லை. “ரெண்டு அடி முன்னாலயே பாத்துட்டாருப்பா” என்று ஒரு பையன் மட்டும் சொன்னான். அங்கே அதுதான் பாராட்டு.

இந்த நுட்பத்தைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. கோணம், வேகம், பவுடர் எவ்வளவு, பலகை எந்தப் பக்கம் இழுக்கிறது, எதிராளி எந்தக் காயினைக் காத்துவைத்திருக்கிறான் என்று ஐந்தாறு விஷயங்களை ஒரு மூச்சுக்குள் முடிவுசெய்கிற வேலை அது. பள்ளியில் கணக்கு வராது என்று உட்காரவைக்கப்பட்ட பையன் இங்கே ரீபவுண்டுக் கோணத்தைத் தப்பில்லாமல் போடுகிறான். கோபக்காரனும் இங்கே கையை அடக்கக் கற்கிறான், கை நடுங்கினால் காயின் போகாது.

குறைகளில் முதலாவது, யாரும் கண்டுகொள்ளாதது: இந்த அறிவு எங்கேயும் பதிவாவதில்லை. செஸ்ஸில் ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்துவைக்கலாம். நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தை இன்றைக்கு ஒரு பிள்ளை எடுத்துவைத்துப் படிக்கிறது. கேரம் அடிக்குக் குறிப்பு கிடையாது. அது கையில் இருக்கிறது, கையோடு போய்விடுகிறது. ஒரு தெருவில் முப்பது வருடம் ஆடியவர் படுத்துவிட்டால் அந்தத் தெரு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பலகை விளையாட்டுகளும் ஒரே ஊரில் இரண்டு விதமாக வளர்ந்ததற்கு வசதி, வர்க்கம் எல்லாம் காரணம் என்றாலும் இதுவும் ஒரு காரணம். செல்போன் வந்த பிறகு ஆட்டத்தைப் பிடித்து வைக்கிறார்கள், ஆனால் தேர்ந்த அடிகளைத் தொகுத்துச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு.

அடுத்தது, தெரு ஆட்டத்துக்கும் போட்டி ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளம். தெருவில் எழுந்து நின்று அடிக்கலாம், சாய்ந்து அடிக்கலாம், பின்னாலிருந்து நாலு பேர் “கட் அடி”, “டபுள் போடு” என்று யோசனை சொல்லலாம். போட்டியில் நாற்காலியை நகர்த்தக் கூடாது. அடிக்கிற கை தவிர உடம்பு பலகையில் படக் கூடாது. முழங்கை அம்புக்கோட்டின் நீட்சியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. தெருவில் தோற்காதவன் மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே திரும்பி வருவது இதனால்தான். திறமைக் குறைவு இல்லை, உட்காரப் பழகவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுக்க ஒரு அறையும் தெரிந்த ஒருவரும் போதும். பெரும்பாலான தெருக்களுக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை.

வாய்த்தது மன்றம். பலகை யாருடையது என்று கேட்டால் மேலே மாட்டியிருக்கிற படத்தைக் காட்டுவார்கள். நடிகராக இருக்கும், இல்லையென்றால் கட்சித் தலைவராக இருக்கும். இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மன்றங்கள் இல்லையென்றால் இந்தப் பகுதியில் பொது இடம் என்று கூரையோடு ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் பலகை கொடுத்தவர் ஆட்களையும் கேட்பார். டோர்னமென்ட் தலைவர் பிறந்தநாளில்தான் நடக்கும். ஜெயித்தவன் பெயரைவிடப் பரிசு கொடுத்தவர் பெயர் பிளக்ஸில் பத்து மடங்கு பெரிதாக இருக்கும். தேர்தல் வந்தால் அதே பையன்கள் கொடி கட்டப் போவார்கள். தெரு எந்தச் சாதியோ, பலகையும் ஏறக்குறைய அந்தச் சாதியாகவே இருப்பது இன்னொரு உண்மை. கேரத்தில் எல்லாரும் சமம் என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. டோர்னமென்ட் நாளில்தான் தெருக்கள் கலக்கின்றன.

பெட்டு விஷயத்தை மூடிமறைக்க வேண்டியதில்லை. டீக் காசுக்கு ஆடுவதில் தொடங்கி நூறு, ஐந்நூறு என்று ஏறும். பணம் ஏறினால் சண்டையும் வரும். அம்மாக்கள் கேரம் என்றாலே முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போலீஸும் ஊரும் பலகையைப் பார்க்கிற பார்வை வேறு. விளக்குக்கு அடியில் நாலு இளைஞர்கள் குனிந்து நின்றால் அது ஏதோ சதி என்று நினைப்பது இந்தப் பகுதிக்கென்றே ஒதுக்கிய சந்தேகம்.

சினிமா அந்தச் சந்தேகத்துக்கு உதவியது என்பது என் எண்ணம். வெற்றிமாறனின் ‘வட சென்னை’ 2018இல் வந்தது. தனுஷ் நடித்த அன்பு கேரம் ஆட்டக்காரன். கேரம் ஆடுகிற கையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தமிழ்ப் படம் எனக்கு வேறு நினைவில்லை. ஆனால் அதே படத்தில் சிறைக்குள் நடக்கிற கேரம் போட்டிதான் கத்திக்குத்துக்குக் களம். பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்தபோது குத்துச்சண்டைக்குக் கிடைத்தது வேறு. வாத்தியார், பரம்பரை, தோல்வி, திரும்ப எழுவது என்று ஒரு விளையாட்டின் முழு வரலாறு கிடைத்தது. கானாவுக்கும் அப்படித்தான். தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் படத்துக்குள் வந்து, 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடையில் தன் அரசியலோடு நிமிர்ந்து நின்றது. கேரம் மட்டும் கதாநாயகன் ரவுடியாவதற்கு முன் ஆடுகிற ஆட்டமாக நின்றுபோயிற்று. படத்தைக் குற்றம் சொல்லவில்லை, அது தன் கதையைச் சொன்னது. அதைப் பார்த்து வடசென்னைக் கேரம் என்றால் இதுதான் என்று முடிவுகட்டியவர்களைத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்த ஊர்க் கேரத்தின் உண்மைக் கதையில் ரவுடி இல்லை. சென்னைக்காரரான மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகப் பட்டம் வென்றார், 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி, மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள், 2008இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வென்று திரும்பினார்.

இந்த மூன்று பேரில் இருவர் பெண்கள். சாயங்காலம் எந்த மன்றத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பலகையைச் சுற்றி ஒரு பெண்ணும் இருக்க மாட்டாள். காசிமாவுக்குக் கற்றுக்கொடுத்தது தந்தை, அவர் பகுதிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறவர். தெரு மன்றம் கொடுக்காததை ஒரு வீடு கொடுத்தது. இந்த மோகத்தின் ஆகப் பெரிய குறை இதுதான், பெட்டும் பிளக்ஸும் இதற்குப் பிறகுதான். ஊர் முழுக்கப் பலகை போட்டு ஊரில் பாதிப் பேரை உட்காரவிடாமல் வைத்திருக்கிறோம். வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஆட்டக்காரராக வாய்க்காத பெண்பிள்ளைக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடவே வழியில்லை. எத்தனை காசிமாக்களை இப்படி இழந்தோம் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு. ஜெயிப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது இந்தத் தெருக்களுக்குப் போதுமான அளவில் வந்து சேரவில்லை. ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலோ கேரம் இல்லை என்பதால் பெரிய நிதிக்கு வழியில்லை என்பார்கள். இருக்கட்டும். பெட்ரோலிய விளையாட்டு வாரியம், எல்ஐசி, ரிசர்வ் வங்கி போன்றவை தேசியப் போட்டிகளுக்கு அணி அனுப்புகின்றன, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்திருக்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. சென்னைத் துறைமுகமும் எண்ணூர்த் துறைமுகமும் இந்தத் தெருக்களின் முடிவில் இருக்கின்றன. புகையும் லாரியும் இந்த மக்களுக்கு என்றால், நிறுவனத்துக்கு ஒரு கேரம் அணியும் இந்த மக்களிலிருந்து எடுக்கலாம். ரெட் மூன்று முறை விழுந்துவிட்டது, ஃபாலோ போட வேண்டியவர்கள்தான் இன்னும் ஸ்ட்ரைக்கரை எடுக்கவில்லை.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது பெரிய மைதானம் இல்லை. வார்டுக்கு ஒரு அறை, போட்டித் தரத்தில் நான்கு பலகை, நகராத நாற்காலிகள், விதி தெரிந்த ஒருவர், மாலை ஐந்திலிருந்து ஏழுவரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும். நான்கு பலகைக்கு ஆகிற செலவு ஒரு தலைவர் பிறந்தநாளுக்குச் சாலை நெடுக வைக்கிற பிளக்ஸ் செலவைத் தாண்டாது. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருக்கிறவர்கள் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போய் இதை எழுதிக் கொடுங்கள். போகும்போது மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.