வடசென்னை (திரைப்படம்): சிறை மீண்டவனின் காதலும் மன்னிப்பும்

வடசென்னை, வெற்றிமாறன் இயக்கத்தில் 17 அக்டோபர் 2018 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். தனுஷ், ஐஸ்வர்யா ராஜேஷ், ஆண்ட்ரியா, அமீர், சமுத்திரக்கனி, கிஷோர் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். வேல்ராஜ் ஒளிப்பதிவு செய்தார். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள மீனவர் குடியிருப்புகளைக் களமாகக் கொண்ட இப்படம் பெரும்பாலும் ரவுடிகளின் அதிகாரப் போட்டியைச் சொல்லும் படமாகவே பேசப்பட்டுள்ளது. ஆனால் இதன் நடுவே இரண்டு காதல் கதைகள் உள்ளன. ஒன்று சிறை சென்று மீளும் அன்புக்கும் பத்மாவுக்கும் இடையிலானது. மற்றொன்று கொலையுண்ட ராஜனுக்கும் அவன் மனைவி சந்திராவுக்கும் இடையிலானது. குற்றம், மன்னிப்பு, இரண்டாம் வாய்ப்பு ஆகியவை குறித்த படத்தின் பார்வை இவ்விரு கதைகளின் வழியாகவே துலங்குகிறது.

முன்மரபு

சிறை சென்றவன் திருந்தி வாழ்வது தமிழ்த் திரைப்படத்துக்குப் பழகிய கதை. விக்டர் ஹியூகோவின் புகழ்பெற்ற நாவலைத் தழுவி கே. ராம்நாத் இயக்கிய 'ஏழை படும் பாடு' 1950-இல் வெளிவந்தது. ரொட்டி திருடிச் சிறை சென்ற கந்தனாக வி. நாகையா நடித்தார். பாதிரியார் ஒருவரின் கருணை அவனுடைய வாழ்வை மாற்றுகிறது. 1972-இல் வந்த 'ஞான ஒளி'யில் சிவாஜி கணேசன் ஏற்ற அந்தோணி என்ற பாத்திரம், வேறொரு பெயரில் செல்வந்தனாகத் திரும்பி வருகிறது. இவ்விரண்டிலும் மீட்சிக்கு ஒரே விதிதான். நல்லவர் ஒருவர் மன்னிக்க வேண்டும். குற்றவாளி தன் பழைய பெயரையும் பழைய ஊரையும் விட்டு விலக வேண்டும்.

கமல்ஹாசன் எழுதி சந்தான பாரதி இயக்கிய 'மகாநதி' (1994) இந்த மரபில் காதலைச் சேர்த்தது. சென்னைக்கு வந்து ஏமாற்றப்பட்டுச் சிறை செல்லும் கிருஷ்ணசாமி, அங்கே பஞ்சாபகேசனைச் சந்திக்கிறான். அவருடைய மகளான செவிலி யமுனாவின் அன்பு அவனுக்கு இரண்டாம் வாழ்வைத் தருகிறது. கிருஷ்ணசாமியின் குற்றவுணர்வு சட்டத்தை மீறியதால் வந்ததல்ல. தன் பேராசையால் பிள்ளைகளைச் சிதறவிட்ட தகப்பனின் குற்றவுணர்வு அது. அவனுக்கு நகரம் துன்பம், சொந்த ஊர் ஆறுதல். திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தப் படத்தைத் தாங்குகிறது.

'வடசென்னை'யின் அன்புக்கு அந்த வசதி இல்லை. அவன் சிறை செல்வதும் மீள்வதும் அதே தெருவுக்குத்தான். அவனுடைய குற்றத்தை அறிந்தவர்கள், அதனால் பயன் பெற்றவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் அனைவரும் சில தெருக்களுக்குள்ளேயே வாழ்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு தப்ப முடியாத இடத்தில் மன்னிப்பு எப்படி இயங்கும் என்பதே இப்படம் எழுப்பும் புதிய கேள்வி.

கதைப்பின்னல்

படம் ஒரு கொலை முடிந்த நொடியில் தொடங்குகிறது. குணா, செந்தில், வேலு, பழனி ஆகிய நால்வர் ஓர் உணவகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். மேசையில் இரத்தம் படிந்த கத்திகள். ஆண்டு 1987. கொல்லப்பட்டவர் யார், ஏன் கொல்லப்பட்டார் என்பது அப்போது சொல்லப்படுவதில்லை. அது ராஜன் என்பதும், அந்த நால்வரையும் வளர்த்துவிட்டவனே அவன் என்பதும் படத்தின் நடுப்பகுதிக்குப் பிறகே தெரிகின்றன.

இந்த வரிசைக்கு ஒரு நோக்கம் உண்டு. பார்வையாளர் குற்றத்தை முதலில் பார்க்கிறார், அதன் கனத்தைப் பிறகே அறிகிறார். ராஜன் கடத்தல் தொழிலில் இருந்தவன் என்றாலும் தன் மக்களுக்குக் காவலாக நின்றவன். வளர்ச்சியின் பெயரால் குடிசைகளை அகற்ற வருவோரை எதிர்த்தவன். சிறுவனான அன்புக்குக் கேரம் ஆட்டத்தில் வழி காட்டியவன். அவனைக் கொன்ற பிறகு நால்வரிடையே ஒற்றுமை நீடிக்கவில்லை. குணாவும் செந்திலும் இரு எதிர் அணிகளாகிறார்கள். அந்தப் பகையின் நடுவில்தான் அன்பு அகப்படுகிறான்.

அன்பும் பத்மாவும்

ராஜீவ் காந்தி கொலையை ஒட்டிய கலவரத்தில் கடைகள் சூறையாடப்படும் வேளையில் அன்பு பத்மாவைச் சந்திக்கிறான். ஊரே சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரு பொழுதில் இக்காதல் பிறக்கிறது. பத்மா வாய்த்துடுக்கும் துணிவும் உள்ளவள். வசைச் சொற்களைத் தயங்காமல் பேசும் அவளுடைய அறிமுகக் காட்சி தமிழ்த் திரைப்பட நாயகிக்குரிய அடக்கத்தை முற்றிலும் மறுக்கிறது.

இக்காதலை ஒட்டி எழும் அவமதிப்பும் மோதலும் பழனியின் கொலையில் முடிகின்றன. கேரம் விளையாட்டால் வேலை பெற்று முன்னேற நினைத்த இளைஞன் ஒரே நாளில் கொலைகாரனாகிறான். செந்திலின் ஆட்களிடமிருந்து குணா அவனைக் காப்பாற்றுகிறான். அதற்கு விலையாகச் சிறைக்குள் இருக்கும் செந்திலைக் கொல்லச் சொல்கிறான். இவ்வாறு அன்பின் முதல் குற்றம் காதலால் நேர்ந்தது, இரண்டாவது குற்றம் நன்றிக்கடனால் நேர்கிறது.

பத்மா அவனுக்காகக் காத்திருக்கிறாள், பிறகு மணந்துகொள்கிறாள். படம் இதை இயல்பான ஒன்றாகக் காட்டுகிறது. இங்கே ஒரு விடுபடல் உண்டு. தன்னை ஒட்டி நிகழ்ந்த கொலையைப் பற்றி பத்மா என்ன நினைக்கிறாள், அந்தக் குற்றவுணர்வில் தனக்கும் பங்கு உண்டு என்று எண்ணுகிறாளா என்பதற்குப் படம் போதிய இடம் தரவில்லை. சிறை சென்றவனுக்காகக் காத்திருந்த ஆண்டுகளுக்கு அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதும் இல்லை. லியோ டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' (1899) நாவலை இங்கே ஒப்பிடலாம். அதில் தன்னால் சீரழிந்த கத்யூஷாவிடம் மன்னிப்புக் கோரி நெஹ்லூதவ் சைபீரியா வரை செல்கிறான். அவள் மன்னிக்கிறாள், ஆனால் மணக்க மறுக்கிறாள். மன்னிப்பும் திருமணமும் வேறு வேறு என்பதை டால்ஸ்டாய் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 'வடசென்னை'யில் திருமணம் நடக்கிறது, மன்னிப்புப் பற்றிய பேச்சு நடக்கவில்லை. அறிமுகத்தில் கனன்ற பத்மா பிற்பகுதியில் கணவனுக்குத் துணை நிற்பவளாகச் சுருங்குவதற்கு இதுவே காரணம்.

சிறையும் நம்பிக்கைத் துரோகமும்

இப்படத்தில் சிறை திருந்தும் இடம் அல்ல. வெளியே உள்ள தெருவின் தொடர்ச்சியாகவே அது காட்டப்படுகிறது. அங்கும் அணிகள், வியாபாரம், தலைவர்கள், விசுவாசிகள் உண்டு. பெரிய அரங்கம் அமைத்து எடுக்கப்பட்ட இக்காட்சிகள் கைதிகளின் அன்றாட வாழ்வை விரிவாகப் பதிவு செய்கின்றன.

அன்பு கேரம் ஆட்டத்தின் வழியே செந்திலின் நம்பிக்கையைப் பெறுகிறான். பிறகு அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தியே அவனைக் குத்துகிறான். செந்தில் உயிர் பிழைத்தாலும் உடல் முடங்கிப் போகிறான். ராஜனை அவன் வளர்த்த நால்வர் கொன்றது போலவே, தன்னை நம்பிய ஒருவனை அன்பு வீழ்த்துகிறான்.

ஆகவே படத்தில் மீண்டும் மீண்டும் நிகழும் குற்றம் கொலை என்பதைவிடத் துரோகம் என்பதே பொருந்தும். கொலைக்குச் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது. துரோகத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரம் மற்றெந்த அறத்தைச் சிதைத்தவருக்கும் மீட்சி உண்டென்றும் நன்றியைச் சிதைத்தவருக்கு இல்லையென்றும் கருதுகிறது. 'வடசென்னை' மாந்தர் இந்த அறத்துக்குள்தான் வாழ்கிறார்கள். அதனால்தான் சிறைவாசம் எவருடைய கணக்கையும் தீர்ப்பதில்லை. குணா, செந்தில், அன்பு ஆகிய மூவரும் சிறையைப் பார்த்தவர்களே. மூவரும் உண்மையில் செய்த குற்றத்தைச் சுமந்தபடியே வெளியே நிற்கிறார்கள்.

சந்திரா: மன்னிக்க மறுக்கும் காதல்

ராஜனுக்கும் சந்திராவுக்கும் இடையிலான காதல் சில காட்சிகளே வருகிறது. ஆயினும் படத்தின் அனைத்து நிகழ்வுகளுக்கும் அதுவே அடிப்படை. கணவனைக் கொன்றவர்களில் ஒருவனான செந்திலையே சந்திரா மணந்துகொள்கிறாள். ஊர் இதை மறதி என்றோ, வாழ வேறு வழியில்லாதவளின் சமரசம் என்றோ எண்ணக்கூடும். அது பழிவாங்கும் திட்டத்தின் பகுதி என்பது பின்னரே தெரிகிறது.

பத்மாவின் காத்திருப்புக்கு நேரெதிரான காத்திருப்பு இது. பத்மா சிறைக்கு வெளியே காத்திருந்தாள். சந்திரா தன் திருமணத்தையே சிறையாக்கி அதற்குள் காத்திருந்தாள். தமிழ்க் கதைகளில் மன்னிப்பு பெண்ணின் கடமையாகவே பெரிதும் சித்திரிக்கப்பட்டு வந்துள்ளது. சந்திரா அக்கடமையை மறுக்கிறாள். ஆண்கள் அடிக்கடி அணி மாறும் உலகில் தன் காதலுக்கு இறுதிவரை உண்மையாக இருப்பவள் அவள் ஒருத்தியே. ஆனால் அந்த உண்மையின் விலையையும் படம் மறைக்கவில்லை. தன் பழியை நிறைவேற்ற அவள் அன்பைக் கருவியாக்குகிறாள். ராஜனால் வளர்க்கப்பட்ட பிள்ளை ராஜனின் பழிக்காக மீண்டும் குற்றத்துக்குள் இழுக்கப்படுகிறான்.

ஊருக்கான இரண்டாம் வாய்ப்பு

அன்பின் கேரம் கனவு கற்பனைக்காகச் சேர்க்கப்பட்ட அலங்காரம் அல்ல. கேரம் வடசென்னையின் தெருக்களில் வேரூன்றிய ஆட்டம். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-இல் உலக வாகையர் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். பெரிய மைதானமோ விலையுயர்ந்த கருவிகளோ தேவைப்படாத இவ்விளையாட்டு, இப்பகுதி இளைஞருக்கு வேலைக்கும் மதிப்புக்குமான வழிகளில் ஒன்று. அந்த ஆட்டமே சிறைக்குள் துரோகத்தின் கருவியாவது படத்தின் மிகக் கசப்பான திருப்பம். முதல் வாய்ப்பாக இருந்ததே இரண்டாம் வாய்ப்பைக் கெடுக்கிறது.

சிறை மீண்ட அன்புக்குக் கிடைக்கும் மீட்சி காதலால் மட்டும் வருவதில்லை. சாலைத் திட்டத்துக்காக மீனவர் குடியிருப்புகள் அகற்றப்படவிருக்கும்போது அவன் மக்கள் பக்கம் நிற்கிறான். குணா எதிர்ப்பக்கம் நிற்கிறான். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான கரையோரம் துறைமுகம், அனல்மின் நிலையம், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் சுமையை நெடுங்காலமாகத் தாங்கி வருவது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. படத்தின் கதையும் ஏறத்தாழ அக்காலத்தை எட்டுகிறது. ராஜன் நின்ற இடத்தில் அன்பு நிற்பதன் மூலம் நன்றிக்கடனின் பொருள் மாறுகிறது. ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டிருந்த கடன், ஊருக்குச் செலுத்த வேண்டிய கடனாகிறது. தனிமனித மன்னிப்பு கிடைக்காத இடத்தில், பொதுக் காரியத்தில் ஈடுபடுவது ஒருவகைப் பரிகாரமாகிறது.

படம் கோரிய மன்னிப்பு

படம் வெளியானதும் மீனவ அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. ராஜனும் சந்திராவும் படகில் நெருக்கமாக இருக்கும் காட்சி கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. கடலோடிகளுக்குப் படகு வழிபாட்டுக்குரியது. தங்கள் பகுதி மக்களைக் குற்றவாளிகளாகச் சித்திரிப்பதாகவும் குறை கூறப்பட்டது. வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சி நீக்கப்பட்டது.

இந்நிகழ்வு படத்துக்குப் புறம்பான சர்ச்சை மட்டும் அல்ல. சிறை சென்றவன்மீது ஒட்டிக்கொள்ளும் முத்திரையைப் போன்றதே வடசென்னை என்ற பெயர்மீது திரைப்படங்கள் குத்திய முத்திரையும். பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) கால்பந்து, கானா, வாசிப்பு, அரசியல் உணர்வு ஆகியவற்றைக் காட்டி அதை மாற்ற முயன்றது. 'வடசென்னை' அரசியல் பின்னணியையும் நில உரிமைப் போராட்டத்தையும் காட்டினாலும், படத்தின் பெரும்பகுதியில் கத்தியே முன்னிற்கிறது. அன்புக்கு இரண்டாம் வாய்ப்பு வேண்டும் எனக் கேட்கும் படம், அவன் ஊருக்கு அதை முழுமையாக வழங்கவில்லை என்ற மனக்குறை நியாயமானதே.

மதிப்பீடு

'ஏழை படும் பாடு' தொடங்கி 'மகாநதி' வரையிலான மரபில் மன்னிப்பு என்பது ஒருவர் மற்றவருக்கு அளிக்கும் கொடை. 'வடசென்னை' அதைச் சிக்கலாக்கியது. கொன்றவன், கொல்லப்பட்டவனின் மனைவி, கொலையால் பயனடைந்தவன், பழிவாங்க ஏவப்பட்டவன் எல்லோரும் ஒரே தண்ணீர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மன்னிப்பு ஒருவரின் முடிவாக இருக்க முடியாது எனக் காட்டியது. தண்டனைக் காலம் முடிவதும் குற்றம் முடிவதும் ஒன்றல்ல என்பதைக் கதையமைப்பின் வழியாகவே உணர்த்தியது.

பத்மாவின் உள்ளத்துக்குள் நுழையாதது இப்படத்தின் பெருங்குறை. சந்திராவின் திட்டமும் காட்சிகளால் அன்றி உரையாடல்களால் அதிகம் விளக்கப்படுகிறது. இவற்றையும் மீறி, காதல் ஒருவனுக்காகக் காத்திருக்கும், ஆனால் அவனுடைய கடனை அடைக்காது என்ற உண்மையை மிகையுணர்ச்சியின்றிச் சொன்ன படம் இது. சிறை மீண்டவனைப் பற்றிய தமிழ்ப் படங்களில் 'வடசென்னை'க்கு உள்ள இடம் அதனால் அமைந்தது.