நாலு நாக்குகள்

இலங்கை வானொலியில் எழுபதுகளில் வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரை வெறும் கேளிக்கை என்று ஒதுக்குவது நம்மவர்களுக்குச் சுலபம். சிரிப்பு என்றாலே இலக்கியக்காரனுக்கு ஒரு கூச்சம். ஆனால் எஸ். ராம்தாஸ் அதில் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. அவரே ஏற்ற மரிக்கார் பேசுவது இலங்கை முஸ்லிம்களின் தமிழ். ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணம். செல்வசேகரனின் உபாலி, சிங்கள நாக்கில் உடைகிற தமிழ். அப்துல் ஹமீதின் ஐயர், அக்கிரகாரம். சுத்தத் தமிழ் பேசி இவர்களைத் திருத்த ஒரு கதாநாயகன் கிடையாது. விஷயமே இங்குதான் இருக்கிறது. நம் சினிமாவில் வட்டாரப் பேச்சு பெரும்பாலும் வேலைக்காரனுக்கும் ரிக்‌ஷாக்காரனுக்கும் உரியது. நாயகனின் தமிழே தராசு. தராசு இல்லாத இடத்தில் எவன் பேச்சு கோணல்?

மொரப்பூரில் இருந்து கேட்பவன் சிரிப்பதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தெலுங்கும் கன்னடமும் உரசுகிற தருமபுரித் தமிழுக்கு எந்த வானொலி இப்படி இடம் கொடுத்தது?

1976ல் இது 'கோமாளிகள்' என்று படமாயிற்று. படத்தில் உடையும் முகமும் முந்திக்கொண்டு ஆளைச் சொல்லிவிடுகின்றன. காதுக்கு வேலை குறைவு.

இத்தொடரை இன ஒற்றுமைக்கு அத்தாட்சியாகக் காட்டுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. சிங்களவனாகப் பேசியவர் தமிழர், ஐயராகப் பேசியவர் முஸ்லிம். பிறன் உச்சரிப்பைத் தன் வாயில் போட்டுப் பார்க்கிற தேர்ச்சி அது, நேசம் வேறு. 1983 ஜூலையில் வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து, உச்சரிப்பைக் கொண்டே தமிழனைப் பிரித்தெடுத்தார்கள்.