தோற்றவர் எழுதிய புஸ்தகம்

தென் துருவத்தை முதலில் மிதித்தவர் நார்வே தேசத்து அமுண்ட்ஸன். 1911 டிசம்பர் 14-ம் தேதி அவர் அங்கே நின்றார். பிரிட்டிஷ் கப்பற்படைக் காப்டன் ராபர்ட் பால்கன் ஸ்காட் சுமார் ஐந்து வாரம் பிந்தி, 1912 ஜனவரி 17-ம் தேதி போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் மாண்டும் போனார். இருவர் எழுதியதும் அச்சில் இருக்கிறது. ஜெயித்தவருடைய புஸ்தகத்தை மரியாதையோடு ஒரு முறை படித்து வைத்துவிட்டேன். தோற்றவருடைய நாட்குறிப்பை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஏன் இப்படி என்று என்னையே கேட்டுக்கொண்டதில், கொஞ்சம் சங்கடமான பதில்தான் கிடைத்தது.

முதலில் மனிதரைப் பார்ப்போம். 1868-ல் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பிரிட்டானியா என்ற பயிற்சிக் கப்பலில் ஏறி, படிப்படியாக உயர்ந்து, டார்பிடோ பகுதியில் அதிகாரியானார். கெட்டிக்காரர்தான், ஆனால் அந்தப் படையில் அவரைப் போன்ற கெட்டிக்காரர்கள் நிறைய இருந்தார்கள். 1894-ல் குடும்பச் சொத்து கரைந்தது. மதுத் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஓய்வாக இருந்த தகப்பனார், வயசான காலத்தில் இன்னொருவர் தொழிற்சாலைக்கு மானேஜராகப் போனார். 1897-ல் அவர் இறந்தார். மறு வருஷம் தம்பியும் போய்ச் சேர, தாயும் சகோதரிகளும் ஸ்காட்டின் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

1899-ல் லண்டன் தெருவில் ஸர் கிளெமென்ட்ஸ் மார்க்கமைச் சந்திக்கிறார். தென் துருவப் பிரதேசத்துக்கு ஒரு கப்பல் போகப் போகிறது என்று தெரிந்ததும் தலைமைப் பதவிக்கு மனுப் போடுகிறார். துருவ ஆராய்ச்சியில் தமக்கு முன்கூட்டி விசேஷமான ஆசை எதுவும் இருந்ததில்லை என்று தம் முதல் புஸ்தகத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். வீரர் என்ற படத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் நமக்குப் பரிச்சயமான ஓர் ஆளே தெரிகிறார்: குடும்பப் பாரத்தைச் சுமந்துகொண்டு பிரமோஷனுக்கு வழி தேடும் உத்தியோகஸ்தர். இதைச் சொல்வதால் அவர் குறைந்துபோவதாக நான் நினைக்கவில்லை.

அந்த முதல் பிரயாணம் 1901 முதல் 1904 வரை நடந்தது. காப்டன் பதவி கிடைத்தது. 1905-ல் வெளிவந்த பிரயாண நூல் நல்ல பெயரும் வாங்கித் தந்தது. எழுத வரும் என்பது அவருக்கும் பிறருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. 1910-ல் இரண்டாம் முறை கிளம்பினார்.

இரண்டாம் பிரயாணத்து நாட்குறிப்பின் நடுப்பக்கங்கள்தாம் எனக்கு உயர்ந்தவையாகத் தோன்றுகின்றன. உதாரணம் ஒன்று. துருவத்துக்கு நாலு பேர் போவதாக ஏற்பாடு. கூடாரம், உணவுப் பொட்டலம் எல்லாம் நாலு பேர் கணக்கு. கடைசி நேரத்தில், 1912 ஜனவரி ஆரம்பத்தில், ஐந்தாவது ஆளையும் சேர்த்துக்கொள்கிறார். சேர்த்துக்கொண்டது பற்றி மனத் திருப்தியோடு எழுதுகிறார். அடுத்த சில தினங்களுக்குள்ளேயே, ஐந்து பேருக்குச் சமைக்க நேரம் அதிகமாகிறது என்றும் குறித்துவிடுகிறார். தம் முடிவுக்கு எதிரான சாட்சியத்தைத் தம் கையாலேயே எழுதி வைக்கிறவரைக் கண்டால் எனக்கு மதிப்பு உண்டாகிறது. நல்ல நாவலாசிரியனுக்கு இருக்க வேண்டிய யோக்கியதை அது.

ஆனால் கடைசியில், சாவு நிச்சயம் என்று தெரிந்த பிறகு, பொதுஜனங்களுக்கு ஒரு செய்தி எழுதுகிறார். ஏற்பாட்டில் பிசகில்லை, அதிருஷ்டந்தான் கைவிட்டது என்பது அதன் சாரம். இங்கே நாட்குறிப்புக்காரர் ஒதுங்கிவிட, வக்கீல் வந்து நிற்கிறார். வக்கீல் முழுக்கப் பொய் சொல்லவில்லை. அந்த மார்ச்சில் குளிர் வழக்கத்தை மீறியது என்று சூஸன் சாலமன் என்ற விஞ்ஞானி 2001-ல் வெளிவந்த நூலில் காட்டியிருக்கிறார். ஆனாலும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. முந்தின வருஷம் 80-வது டிகிரியில் வைக்க நினைத்த பெரிய உணவுக் கிடங்கை, குதிரைகள் தளர்ந்துவிட்டன என்று சுமார் அரை டிகிரி முன்னதாகவே வைத்துவிட்டார். குதிரைகளைப் பலி கொடுத்தாவது மேலே போகலாம் என்று ஓட்ஸ் சொன்னதை அவர் கேட்கவில்லை. கடைசிக் கூடாரம் கிடந்த இடம் அந்தக் கிடங்குக்குப் பதினொரு மைல் தூரம். நினைத்த இடத்திலேயே வைத்திருந்தால், அதை அவர்கள் தாண்டியே வந்திருப்பார்கள். ஜீவகாருண்யத்தைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? குற்றமில்லை, ஆனால் அதிருஷ்டமும் இல்லை.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது எட்கர் எவான்ஸ் விஷயம். ஐவரில் அவர் ஒருவர்தாம் அதிகாரியல்லாத சாதாரண மாலுமி, வேல்ஸ்காரர், ஐவரிலும் பெரிய உடம்பு. உணவு மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு. சறுக்கு வண்டியைச் சீர் செய்கையில் கையில் வெட்டுப்பட்டது, அது ஆறவில்லை. பிப்ரவரி 17-ம் தேதி முதலில் இறந்தவர் அவர்தாம். அவர் எழுதிய நாட்குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மனம் தடுமாறியதையும், அவரால் மற்றவர்கள் தாமதப்பட்டதையும் பெரும்பாலும் ஸ்காட்டின் பென்சில் வழியாகத்தான் உலகம் அறிந்தது. மற்ற நால்வருக்கும் கீர்த்தி வந்தபோது, இவர் பேரில் வெகுகாலம் ஒரு நிழல் விழுந்து கிடந்தது. ஸ்காட் வேண்டுமென்று செய்ததல்ல இது. எழுதத் தெரிந்தவரும் எழுதாதவரும் ஒன்றாகச் சாகும்போது, எழுதத் தெரிந்தவரின் சாவே சாவாகிவிடுகிறது.

1912 நவம்பரில் கூடாரம் கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருஷமே புஸ்தகம் வந்தது. தோழர்களைப் பற்றிய கடுமையான வரிகளை நீக்கிவிட்டே அச்சிட்டார்கள். இறந்தவர்கள் வீட்டாரை நினைத்து அப்படிச் செய்திருக்கலாம். பின்னால் கையெழுத்துப் பிரதியையும் அச்சையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அதுவே ஆயுதமாயிற்று. 1979-ல் ரோலண்ட் ஹன்ட்போர்ட் எழுதிய நூல், ஸ்காட்டை அமுண்ட்ஸன் பக்கத்தில் நிறுத்தி ஒன்றுக்கும் உதவாதவராக்கியது. நேற்று வரை தெய்வம், இன்று மூடர். இரு தரப்பாரும் கடைசிப் பத்துப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நடுப்பக்கங்களைப் படித்தவர்களுக்கு இரண்டில் எதையும் சொல்ல வாய் வராது.

நான் ஆரம்பத்தில் சொன்ன சங்கடத்துக்கு வருகிறேன். ஸ்காட்டை நான் மன்னிப்பதற்குக் காரணம் அவர் செய்தவை அல்ல, எழுதியவை. மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், குழந்தைக்கு முடிந்தால் இயற்கையைப் பற்றிய படிப்பில் பிரியம் உண்டாக்கு என்கிறார். பையன் பீட்டர் ஸ்காட் பின்னாளில் பறவைகளைக் காப்பதற்கே வாழ்நாளைச் செலவிட்டார். இதைப் படித்த பிறகு கிடங்குக் கணக்கைப் போட யாருக்கு மனம் வரும்? நானும் இந்த வித்தையில் பிழைக்கிறவன். நல்ல வாக்கியம் எதை எதையெல்லாம் மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாறுகிறேன்.

தலைவராக ஸ்காட் இரண்டாந்தரம், எழுத்தாளராக முதல்தரம். ஒரு பரீட்சையின் மார்க்கை இன்னொன்றில் கூட்டக் கூடாது. புஸ்தகத்தை அவசியம் படியுங்கள். பிப்ரவரி 17-ம் தேதிப் பக்கம் வரும்போது மட்டும், அதில் பேசாமல் கிடக்கும் மனிதரின் பக்கமாக ஒரு நிமிஷம் இருந்துவிட்டு மேலே போங்கள்.