தோளுக்குள் ஒரு பாவு

அருப்புக்கோட்டையில் தறியில் நாடா ஓட்டியவரும், திருச்சுழிப் பக்கத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவரும் தோள்பட்டையைப் பிடித்தபடி வந்து உட்காரும் ஸ்கேன் அறையின் அரையிருட்டில், எக்ஸ்ரே எலும்பை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்ட பின், அல்ட்ராசவுண்டு என்னும் செவிக்கெட்டாத நாதம் தசைநாரின் சூட்சுமத்தைப் பிரத்தியட்சமாக்கும் அழகை வெகுவாக ரசித்திருக்கிறேன். "அண்ணாச்சி, உள்ளங்கையை இடுப்புக்குப் பின்னாலே வையுங்க" என்று டாக்டர் சொன்னதும் தோள் முன்னே புடைக்கிறது. குளிர்ந்த கூழ் பட்டு மேனி சற்றே சிலிர்க்கிறது. திரையில், வளைந்த வெண்கோடாகத் தெரியும் எலும்பின்மேல், பாவு விரித்தாற்போல நெருங்கிய இழைகளாய் மின்னுகிறது தசைநார்.

யந்திரத்தைவிட அதைப் பிடித்த கையின் லாகவமே பெரிது என்பேன்: கருவி இம்மி சாய்ந்தாலும் பழுதற்ற நாரும் அறுந்ததுபோலக் கறுத்துவிடுமாதலால், மணிக்கட்டை மெள்ள அசைத்து அசைத்து, அந்தக் கருமை மறைகிறதா நிலைக்கிறதா என்று அவர் பொறுமையாகப் பரீட்சிக்கிறார். (எம்.ஆர்.ஐ.யில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இங்கோ கையைத் தூக்கச் சொல்லி, வலிக்கும் கணத்திலேயே நார் வழுக்குவதைப் பார்த்துவிடலாம்.) மருந்து செலுத்த நேர்ந்தால், ஊசி திரையின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடாகச் சாய்ந்து நுழைந்து, நாரைத் தீண்டாமல், அதன் மேலுள்ள நீர்ப்பையை அடைந்து நிற்க, அப்பை சிறிது சிறிதாக விரிவதை நோயாளியே கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். நோவு முற்றும் தீர்ந்துவிடும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. தோளுக்கான பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தே அனுப்புகிறார்கள்.