புளூட்டோவைக் கொன்றவரின் வாக்குமூலம்

மைக் பிரவுன் 2010ல் எழுதிய 'ஹவ் ஐ கில்ட் புளூட்டோ அண்ட் ஒய் இட் ஹேட் இட் கமிங்' பேருக்குத்தான் வானியல் புத்தகம். என்னைக் கேட்டால் பாதி மென்பொருள் கதை.

புளூட்டோவின் பதவிக்கு வேட்டு வைத்த எரிஸ், பாலோமர் தொலைநோக்கியின் படத்தில் பதிவானது 2003 அக்டோபர் 21ல். மனுஷக் கண்ணில் பட்டதோ 2005 ஜனவரி 5ல். நடுவில் 14 மாசம் எங்கே போச்சு? வானத்தின் ஒரே துண்டை மூன்று முறை படமெடுத்து, நகரும் புள்ளியை நிரல் தேடும். தூரம் கூடக் கூட நகர்வு குறையும். ரொம்ப மெதுவானதையும் சேர்த்தால் குப்பை குவியும் என்பதால், மணிக்கு 1.5 ஆர்க்செகண்டுக்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடும்படி எழுதியிருந்தார்கள். 2003 நவம்பரில் செட்னா கிடைத்தது. வேகம் 1.75. எல்லையை ஒட்டியே ஒன்று இருக்கே, அப்போ கீழே என்னவெல்லாம் போச்சோ என்று எல்லையைத் தளர்த்தி பழைய படங்களை மறுபடி ஓட்டினார்கள். எரிஸ் வந்து விழுந்தது. ஒரே ஒரு 'இஃப்' வரி!

இதுவரை அருமை. ஹௌமியாவுக்கு வரும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

பிரவுன் குழு அதை 2004 டிசம்பரிலேயே பார்த்துவிட்டது. ஆனால் வெளியே சொல்லாமல் ஆராய்ந்துகொண்டிருந்தது. 2005 ஜூலையில் ஒரு கருத்தரங்கச் சுருக்கத்தில் அதன் உள்குறியீடு மட்டும் வெளிவந்தது. சில நாளில் ஸ்பெயினின் ஓர்டிஸ் குழு, தங்கள் 2003 படங்களில் அதே பொருளைக் கண்டதாக அறிவித்தது. பிரவுன் வாழ்த்தும் சொன்னார். அறிவிப்புக்கு முன்பே, இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்த பிரவுன் குழுவின் தொலைநோக்கிக் குறிப்புகளை ஓர்டிஸின் நிறுவனக் கணினிகள் திறந்திருந்தது பிறகு தெரிந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்கத்தான் பார்த்தோம் என்றார் ஓர்டிஸ்.

பார்த்ததைச் சொல்லாமல் விட்டது தப்புதான். அடுத்தவர் கோடைப் பார்த்தால் அதைக் குறிப்பிடுவதுதான் மரியாதை. ஆனால் ஏழு மாசம் மூடி வைத்ததை முழுக்க நிதானமான அறிவியல் என்று பிரவுன் நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரைப் பரிந்துரைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்குத்தான் என்பதால் 'யார் முதலில்' என்பது சின்ன விஷயமில்லை. அந்த வழக்கில் வாதியும் வக்கீலும் அவரே.

சர்வதேச வானியல் ஒன்றியம் 2008ல் செய்தது அதைவிட வேடிக்கை. பெயர் பிரவுன் தரப்பு கேட்ட ஹவாய் தெய்வத்துடையது. கண்டுபிடித்த இடம் ஸ்பெயினின் சியரா நெவாடா. கண்டுபிடித்தவர் பெயருக்கு வெற்றிடம். கமிட்டி மூளை!

புத்தகத்தைத் தாராளமா வாங்கலாம். ஓர்டிஸ் தரப்பை வேற எங்கயாவது தேடிப் படிச்சிட்டு அந்த அத்தியாயத்துக்குப் போங்க.